காலையில் எடுத்த படம்

ஸ்ஃபாக்ஸ் நகர ஆய்வகத்தில், இறந்துபோன நாஜியா தானம் தந்த செல்கள் ஒரு தட்டில் வளர்ந்துவந்தன. உயிருள்ள செல் படத்தில் ஒளிரும். இன்று காலையில் எடுத்த படம் முழுக்க இருட்டு. தட்டைக் கொட்டிவிட வேண்டும்.

அங்கே வேலை பார்க்கும் நாஜியாவின் தங்கை ஜலீலா, திரையில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

“நம்ம கண்ணுக்குத்தாண்டி வெளிச்சம் கூடும். படத்துல இல்லாதது வராது,” என்றாள் தோழி முனீரா.

“அக்கா என்னைக்குடி சொன்ன நேரத்துக்கு வந்திருக்கா? பொறு.”

மூலையில் ஒரு செல் மங்கலாகத் தெரிந்தது. முனீரா அம்புக்குறியை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஒளியின் அளவு பூஜ்யம். சுற்றியிருந்த இருட்டுக்கும் பூஜ்யம்தான்.

ஜலீலா வெளிச்சத்தை அடியோடு குறைத்தாள். திரை கறுத்தது. செல் அணையவில்லை.

முனீரா தட்டை எடுத்துப்போய் வெப்பப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். அவள் திரும்பி வந்து பார்த்தபோது, காலையில் எடுத்த அதே படத்தில் அந்தச் செல் இரண்டாகியிருந்தது.