படியில் ஒரு டம்ளர் தேநீர்

எல்லை நிலையக் கொட்டகையில், தக்காளி ஏற்றிய சரக்குப் பெட்டி நான்கு ஜாக்கிகளின் மேல் அந்தரத்தில் நிற்கிறது. இந்த நாட்டுத் தண்டவாளம் அகலம், அடுத்த நாட்டுடையது குறுகல். அதனால் பெட்டியைத் தூக்கிச் சக்கரங்களை மாற்றுகிறார்கள். ஒரு பக்கம் சாய்ந்தாலும் அடிக்கூடைகள் நசுங்கிவிடுமே என்று வியாபாரியம்மா கண்ணெடுக்காமல் பார்க்கிறாள். கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் அகலச் சக்கரங்கள் உருண்டு வெளியேற, குறுகியவை எண்ணெய் மினுங்க உள்ளே வருகின்றன. பெட்டியின் படியில், தூக்கும் முன்பே மேஸ்திரி தளும்பத் தளும்ப ஊற்றி வைத்த தேநீர் டம்ளர்.

"அது யாருக்குண்ணே?"

"அந்தப் பக்கத்து டிரைவருக்கும்மா. சிந்தியிருந்தா, கூடையெல்லாம் இறக்கிப் பாக்காம வண்டியை எடுக்க மாட்டாரு."

ஜாக்கிகள் நான்கும் ஒரே மூச்சில் இறங்குகின்றன. பெட்டி சக்கரத்தில் உட்கார்ந்த சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. பாஷை தெரியாத டிரைவர் வருகிறார். படியை விரலால் தடவி, ஈரம் படாத விரலை மேஸ்திரியிடம் காட்டிவிட்டு, நின்றபடியே தேநீரைக் குடிக்கிறார்.