மீதி ரெண்டு பக்கம்

"மீதி ரெண்டு பக்கத்தை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

காலையிலேர்ந்து லேப் கவுண்டர்ல இதே ரகளை. பரிசோதனை முடிவை வாங்கினவங்கள்ல பல பேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அடியில 'பக்கம் 1 / 3'ன்னு இருந்தது. கையில இருந்ததோ ஒரே தாள்.

கவுண்டர் அக்கா பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, கடைசியில கம்ப்யூட்டர் அறை வாசல்ல வந்து நின்னாங்க. உள்ளே இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. அவன் பாடு அவனுக்கு.

அங்கே அச்சாகிற முடிவுக் கடிதங்களுக்கெல்லாம் எழுத்து, ஓரம், பக்க எண் எப்படி இருக்கணும்னு தீர்மானிக்கிற ஸ்டைல்ஷீட்டை அவன்தான் புதுசா மாத்தியிருந்தான். எல்லாம் ஒழுங்கா வந்தது, அடியில இருக்கிற பக்கக் கணக்கைத் தவிர. அதைத் தோண்டப் போனா, பழசுக்குள்ள ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது.

அவனுக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்த பொண்ணோட கைவேலை அது. கடிதம் ஒரு பக்கத்துல முடிஞ்சாலும் சரி, மூணு பக்கம் போனாலும் சரி, எல்லாத்துக்கும் மூணுன்னே விழற மாதிரி பண்ணி வெச்சிருந்தா. ஒரே பக்கத்துல முடியறதுக்குப் பின்னாடி ரெண்டு பக்கம் நிறைய அறிவுரை. தண்ணீர் குடியுங்கள், நடங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். புது ஸ்டைல்ஷீட் அந்த அறிவுரையை முழுங்கிட்டு, மூணை மட்டும் விட்டு வெச்சிருந்தது.

தண்ணி குடிக்கச் சொல்ல ரெண்டு பக்கமா, மகராசின்னு அவன் தலையில அடிச்சுக்கிட்டான்.

அலுப்புக்கு வேலை மட்டும் காரணம் இல்லை. அவன் மனைவிக்கு மார்புல ஒரு சின்னக் கட்டி. அதுலேர்ந்து ஊசியால எடுத்தது இதே கட்டடத்துல, மாடியிலதான் பரிசோதனைக்கு இருந்தது. யாரோட முடிவும் அவன் கண்ணுல படக் கூடாதுன்னு விதி. அவன் வெச்சுச் சரிபார்க்கிறதெல்லாம் வெறும் மாதிரிக் கடிதங்கள். மனைவியோட முடிவுக்கு அவனும் ஊரோட ஒருத்தனா வரிசையிலதான் நிக்கணும். வீட்டுல ரெண்டு பேருமே தூங்கற மாதிரி நடிச்சுக்கிட்டிருந்தாங்க.

"தம்பி, பழையபடி எல்லாருக்கும் மூணாவே இருக்கட்டுமே. அந்தப் பொண்ணு சும்மா வைக்கலை" என்றாங்க அக்கா.

"இல்லாத பக்கத்தை இருக்குன்னு போடறது பொய்க்கா. ஒண்ணுன்னா ஒண்ணு, மூணுன்னா மூணு."

அக்கா மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. அவன் அப்புறம் பேசலாம்னு கையைக் காட்டிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிட்டான். வெளியே யாரோ கவுண்டரைத் தட்டினாங்க. அக்கா போயிட்டாங்க.

அந்தப் பாழாப்போன பக்கக் கணக்கு லேசுல மசியலை. ஒரு கடிதத்துல சரி பண்ணினா இன்னொண்ணுல '1 / 0'ன்னு பல்லைக் காட்டிச்சு. கழுத்து பிடிச்சு, டீ ஆறி, ஒருவழியா எல்லாக் கடிதத்துலயும் நிஜக் கணக்கு விழுந்தது. மேனேஜர் வந்து பார்த்துட்டு, இத்தனை காலமா தாளை வாரி இறைச்சிருக்கோமேன்னு அவன் தோளைத் தட்டினார். அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. பழகின கை, மாத்தினா கசக்கத்தான் செய்யும்னு அவன் விட்டுட்டான்.

மனைவியோட முடிவு வந்திருக்குன்னு செய்தி வந்த அன்னிக்குத்தான், அவன் முதல் தடவையா கவுண்டருக்கு வெளிப்பக்கம் அவளோட உட்கார்ந்தான்.

"உங்க ஆபீஸ் நாற்காலியும் நம்ம வீட்டு நாற்காலி மாதிரியே ஆடுதுங்க" என்றா அவ. அவன் சிரிச்சான். அவளும் சிரிச்சா.

அக்காவுக்குப் பின்னாடி பிரின்டர் ஓடறது அங்கேர்ந்து நல்லாத் தெரிஞ்சது. ஒரு தாளைத் துப்பிட்டு நின்னது. வாங்கின அம்மா நின்னபடியே படிச்சுட்டு, யாருக்கோ போன் போட்டுச் சிரிச்சபடி வெளியே போனாங்க. அடுத்து ஒரு இளைஞன். அவனுக்கும் ஒரு தாள். படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி இறங்கினான். கணக்கு சரியா விழுதுன்னு கம்ப்யூட்டர்காரனுக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்திகூட வந்தது.

அதுக்கப்புறம் ஒரு பெரியவர். பிரின்டர் நிக்காம ஓடிச்சு. அக்கா மூணு தாளைச் சேர்த்துப் பின் அடிச்சுக் கொடுத்தாங்க. அவர் வாசலுக்குப் போகலை. திரும்பி வந்து அதே நாற்காலியில உட்கார்ந்தார்.

அவன் மனைவி அவரையே பார்த்துக்கிட்டிருந்தா.

"ஏங்க, ஒரு தாள் வாங்கினவங்க எல்லாம் கிளம்பிப் போயிட்டாங்க" என்றா மெதுவா. "இவர் மட்டும் இன்னும் எழுந்திரிக்கலை."

அவன் அத்தனை தடவை ஓட்டிப் பார்த்த மாதிரிக் கடிதம் கண்ணு முன்னாடி வந்தது. மூணு பக்கக் கடிதத்துல ரெண்டாவது பக்கம், எந்த டாக்டரைப் பார்க்கணும்னு. மூணாவது பக்கம், எவ்வளவு சீக்கிரம் பார்க்கணும்னு. தண்ணி குடிங்க, நடங்கன்னு அந்த மகராசி எல்லார் கையிலயும் மூணு மூணாக் கொடுத்தனுப்பினது எதுக்குன்னு அப்பத்தான் உறைச்சது. நல்லதோ கெட்டதோ, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தெரிஞ்சுக்கட்டும்னு நினைச்சிருக்கா. இப்படி ஊரே பார்த்துக்கிட்டிருக்கிற கூடத்துல வேண்டாம்னு நினைச்சிருக்கா.

அவன் மனைவி பேரைக் கூப்பிட்டாங்க. அக்கா அவனைப் பார்த்தாங்க. அந்தப் பார்வையில கோபமே இல்லை. அதுதான் அவனால தாங்க முடியலை.

பிரின்டர் ஓட ஆரம்பிச்சது. ஒரு தாள் வெளியே வந்து விழுந்தது. நில்லு, நில்லுன்னு அவன் மனசுக்குள்ள அந்த மெஷினைக் கெஞ்சினான்.

அவ அவன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"நிக்கலைங்க" என்றா, தாள் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே.