மோப்ப அதிகாரி செவலை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நாற்றத்தை அளக்கும் வேலை செவலை நாய்க்குக் கிடைத்தது. அடேயப்பா, அன்று முழுக்க அதன் வால் ஆட்டம் நிற்கவே இல்லை!

தினமும் காலையில் தெருமுனையில் நின்று மூச்சை இழுத்து, ஐந்துக்கு எத்தனை என்று கத்தும். கூடவே வரும் காக்கை சுவரில் அத்தனை கரிக்கோடு போடும்.

முதல் நாள், "அஞ்சு! ஐயோ, மூக்கே போச்சு!" என்றது. அடுத்த மாதம் மூன்று. அப்புறம் ஒன்று. ஒருநாள் துள்ளிக் குதித்தது.

"காக்காண்ணே, பூஜ்யம்! துளி நாத்தம் இல்ல!"

"நிலையத்துல எதையும் மாத்தலையேப்பா?"

"நான் சுத்தி வந்ததுலயே அடங்கிருச்சு பாருங்க!"

தெருவே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, புதிதாகக் குடிவந்தவர்களின் சாமான் வண்டியிலிருந்து, சந்தன சோப்பு போட்டுக் குளித்த பூனை ஒன்று குதித்தது. குதித்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"ஐயையோ, கொடலப் பொரட்டுதே! இங்க எப்படி இருக்கீங்க?"

செவலைக்குப் பகீரென்றது. இத்தனை நாள் உழைப்பும் வீணா? பூனையின் அருகே போய் ஆழமாக மோந்தது. சட்டென்று அதன் கண்கள் மின்னின.

"அண்ணே, கண்டுபிடிச்சிட்டேன்! இதுகிட்ட இருந்துதான் வருது! போடுங்க அஞ்சு!"

காக்கையும் பூனையை ஒருதரம் மோந்து பார்த்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே ஐந்து கோடுகளையும் அழுத்திப் போட்டது.