நெட் வரட்டும்

“இதை நீ எழுதல.”

உஸ்தாத் மிக்தாத் அறிக்கையை மேஜைமேல் தொப்பென்று போட்டார். அட்டையில் ‘இணையம் எப்படி இயங்குகிறது’ என்ற தலைப்பும், கீழே ரஃபல் காஸிம் என்ற பெயரும் இருந்தன.

“நான்தான் உஸ்தாத் எழுதினேன்.”

“ஏஐ மெஷின் எழுதியிருக்கு. எத்தனை வருஷமா வாத்தியாரா இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

ரஃபலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாக்தாதில் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த ஒரு மதிப்பெண்தான் பாக்கி. மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் அது கல்லூரி அலுவலகத்துக்குப் போகாவிட்டால், பட்டியலில் அடுத்து நிற்கிறவனுக்கு இடம் போய்விடும்.

இந்த நேரம் பார்த்து இணையமும் இல்லை. பள்ளி இறுதித் தேர்வு நடக்கிற நாட்களில், வினாத்தாள் கசியக்கூடாதென்று பஸ்ராவிலிருந்து மோசூல்வரை இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். பகல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் உயிர் வரும். நாலு பையன்கள் காப்பியடிக்கக்கூடாது என்பதற்காக நாட்டையே சும்மா உட்காரவைப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆளில்லை.

மிக்தாத் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். எரிச்சலோடு கவிழ்த்து வைத்தார்.

“நெட் வரட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

“அதுக்குள்ள ஆபீஸை மூடிடுவாங்க உஸ்தாத்! சந்தேகம்னா இப்பவே கேள்வி கேளுங்க. இப்ப நெட்டும் இல்ல, மெஷினும் இல்ல. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?”

மிக்தாத் மிச்சமிருந்த தேநீரை மடக்கென்று குடித்தார். அறிக்கையைத் திறந்து முதல் தலைப்பில் விரலை வைத்தார்.

“நாம அனுப்புற படம் எப்படிப் போகுது?”

“முழுசாப் போகாது உஸ்தாத். துண்டு துண்டாப் பிரிஞ்சு போகும். எல்லாம் ஒரே வழியில போகணும்னுகூட இல்ல. போய்ச் சேர்ந்ததும் வரிசையா ஒட்டிக்கும். ஒரு துண்டு தொலைஞ்சா, அதை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கும்.”

“சரி.” விரல் அடுத்த தலைப்புக்கு இறங்கியது. “ஒரு தளத்தோட பேரைத் தட்டினா?”

“ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நம்பர் உண்டு உஸ்தாத். நம்பரைப் பேரா மாத்திக் குடுக்கறதுக்குன்னே கணினிங்க இருக்கு. அதுல போய்க் கேட்கும்.”

“சரி.”

“ஐயோ, இல்ல உஸ்தாத்! பதட்டத்துல தலைகீழாச் சொல்லிட்டேன். பேரைத்தான் நம்பரா மாத்தும்.”

“ம்... அதுவும் சரி. கடலுக்கு அடியில கேபிள்னு எழுதியிருக்கியே?”

“நம்ம ஃபாவ் துறைமுகத்துப் பக்கம் கரையேறுதே, அதுதான் உஸ்தாத். கண்டம் விட்டுக் கண்டம் போறதுல பெரும்பங்கு கடலுக்கு அடியிலதான். எல்லாரும் ஆகாசத்துல போகுதுன்னு நினைச்சுக்கறாங்க.”

“இதெல்லாம் எங்க படிச்ச?”

“போன வருஷம் தம்பிக்குப் பரீட்சை. இதே மாதிரி நெட்டை நிறுத்தினாங்க. நிறுத்தினா அது எங்கதான் போய்த் தொலையுதுன்னு கோபம் வந்துச்சு. அந்தக் கோபத்துல தேடித் தேடிப் படிச்சேன்.”

மிக்தாத் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“நம்புறேன்மா. நீதான் எழுதியிருக்க.”

அப்பாடா என்று இருந்தது ரஃபலுக்கு. தன் பேனாவையே எடுத்து நீட்டினாள். மிக்தாத் வாங்கி, மூடியைத் திறந்தார். மதிப்பெண் கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டுவிட்டு, கைப்பேசியை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

வெளியே பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

“உஸ்தாத், பாங்கு சொல்லப் போறாங்க! நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டீங்க. இன்னும் எதுக்கு நெட்டு?”

மிக்தாத் திறந்திருந்த கதவு வழியாக நடையில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

“எத்தனை மார்க் போடணும்னு அந்த மெஷின்தான்மா எனக்குச் சொல்லும்.”