இன்னும் குளிருது

மண்ணெண்ணெய்க் கணப்பை வீட்டுக்குள் பற்றவைத்தால் வாடை மூன்று நாள் போகாது. அதனால் கொட்டுகிற மழையில், கூரை விளிம்புக்குக் கீழே குனிந்து, பாதி முதுகு நனைய அதைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கார்க்கமோ நின்று பார்த்தான். எங்கள் அன்குத் ஊரில் எந்த மழையிலும் வேடிக்கை பார்க்க ஓர் ஆள் இருப்பான்.

"என்னய்யா நோல்பெர்தோ, பொண்டாட்டியக் குளிப்பாட்டப் போறியா, பன்னி வாட்டப் போறியா?"

"உன்னத்தான் வாட்டப் போறேன். போடா உள்ள!"

தீ சிவந்து வாடை அடங்கியதும் கணப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். சமையலறையைத் தாண்டும்போது என் மனைவி ஓதிலியா விறகு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அவள் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள். இடது கையைத் தூக்க முடியவில்லை. காயத்தைத் தினமும் கழுவச் சொல்லியிருந்தார்கள். தனியாக அவளால் முடியாது, நான்தான் கழுவிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பார்க்கும்போது சீழ் வைத்திருந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அன்று வியாழன்.

ஒன்பது நாளும் இதே கதை. குளியலறை வாசல்வரை வருவாள். வலது கையை உள்ளே நீட்டிப் பார்ப்பாள். "குளிருது" என்று சொல்லித் திரும்பிப் போய்விடுவாள்.

ஜன்னல் இடுக்குகளில் பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டினேன். குளிருது. கதவுக்குப் பின்னால் கம்பளியைத் தொங்கவிட்டேன். குளிருது. சுவரில் மாட்டுகிற மின்சாரக் கணப்பு ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். ஃப்யூஸ் போய் வீடே இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னும் குளிருது."

எங்கள் தீவில் எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம். பூசைக்குப் போகாததற்குக் குளிர். கடிதம் எழுதாததற்குக் குளிர். என் மச்சான் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாததற்கும் குளிரைத்தான் சொன்னான், எல்லோரும் தலையாட்டினோம். அதனால் அவள் சொன்னதை நானும் அப்படியே நம்பினேன்.

கணப்பைக் குளியலறை நடுவில் வைத்தேன். மேலே கெட்டிலை வைத்து, வாடை தெரியாமலிருக்கப் பக்கத்தில் இரண்டு கமலாப்பழத் தோலைப் போட்டேன். மூச்சு முட்டாமலிருக்க ஜன்னலில் ஒட்டிய தாளை இரண்டு விரல் அகலம் கிழித்துவிட்டேன். கால் மணி நேரத்தில் பலகைச் சுவரே வியர்த்தது.

நானும் வியர்த்தேன். கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். போதவில்லை. உள்சட்டை, பனியன் எல்லாவற்றையும் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, வெந்நீரை வாளியில் விளாவிக்கொண்டிருந்தேன்.

"உன் முதுகுல இவ்ளோ பெரிய மச்சமா?"

வாசலில் நின்றிருந்தாள். பொத்தான் வைத்த ஸ்வெட்டர் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள்.

"பொறந்ததுலேருந்து இருக்கு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"மச்சத்தயெல்லாமா ஒருத்தன் சொல்லிட்டு இருப்பான்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். நான்கு பிள்ளைகள். இந்த வீட்டில் உடுப்பைக் கழற்றுவது விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள்ளேதான். கோடையிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. என் முதுகை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

உள்ளே வந்தாள். மச்சத்தின்மேல் ஒரு விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

பொத்தான்கள் கழலும் சத்தம் கேட்டது. முதல் ஸ்வெட்டர் விழுந்தது, இரண்டாவது விழுந்தது. மரியாதைக்கு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

"திரும்பு, கிழவா. பாரு."

திரும்பினேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் தட்டையாக இருந்தது, குறுக்கே நீளமாக ஒரு தையல். வலது பக்கத்து மார்பு மட்டும் இருந்தது.

அவள் கையால் மறைக்கவில்லை. அழவும் இல்லை.

"ரெண்டும் இருந்தப்ப ஒரு தடவகூட நீ பாத்ததில்லியே," என்றாள்.

ஒன்பது நாளாக ஜன்னலோடும் கதவோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். முப்பத்தாறு வருடம் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு, ஒருமுறைகூட அதைப் பார்க்காமலே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அழுதுவிட்டேன். வெந்நீர் வாளியைப் பிடித்தபடி, சட்டையில்லாமல், சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அவள் என்னை அழவிட்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூக்க முடிந்த கையால் கூந்தலை ஒதுக்கினாள்.

"பாத்தது போதும். தண்ணிய ஊத்து."