வீட்டிலேயே படிக்கிறாள்

“வழக்குப் போடுவீங்களோ? போடுங்க! பொம்புளப் புள்ளைய ரோட்டால அனுப்பமாட்டேன்.”

தாஸிம் முதலாளி போட்ட சத்தத்தில் கண்டியின் கொழும்பு வீதியே திரும்பிப் பார்த்தது. எதிரே கதிரையில் மயில்வாகனம் வியர்த்துப்போய் இருந்தார். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடும் உத்தியோகம். அதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து ஊரார் வாயில் விழுகிற மனுஷன்.

“கோவிக்காதையுங்கோ முதலாளி. வீட்டிலை ஒழுங்காப் படிப்பிச்சால் சட்டம் விடும். பிள்ளை வாசிச்சுக் காட்டினால் நான் போறன். இல்லாட்டி திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேணும்.”

“வீட்டுலதான் படிச்சிட்டு ஈக்கிறா. அவட உம்மா படிச்சுக் குடுக்கிறாதானே! றமீஸா, வா மகள்.”

ஒன்பது வயதுப் பிள்ளை வந்து நின்றது. திரைக்குப் பின்னால் தாய் ஹபீலா.

மயில்வாகனம் ஒரு புத்தகத்தை விரித்து நீட்டினார். றமீஸா பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

“இது என்ன எழுத்து, பிள்ளை?”

“தெரியா.”

“சரி, இது?”

“தெரியா.”

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

“ஹபீலா! இவ்வளவு நாளும் என்னத்தப் படிச்சுக் குடுத்தாய்?”

நல்ல தாய்தான், போ! என்று மயில்வாகனம் மனசுக்குள் வெறுத்துக்கொண்டார்.

ஆனால் பிள்ளை ஓரடி பின்வாங்கித் திரையோரம் ஒதுங்கியது. அவருக்கும் அந்த வயதில் ஒரு மகள். தான் படியிறங்கியதும் இந்த வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் அடி நிச்சயம் என்று பட்டது. மனசு கேட்கவில்லை.

“பயத்திலை நாக்கு எழும்பேல்லை, பாவம். மெல்ல வாசிக்கிறாள், எனக்குக் கேக்குது,” என்றார். “வீட்டுப் படிப்பே போதும் எண்டு எழுதிவிடுறன். இனி ஒருத்தரும் உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டினம்.”

முதலாளி வாயெல்லாம் பல்லாகக் கைகொடுத்தார். ஒரு புண்ணியம் செய்த நிம்மதியோடு மயில்வாகனம் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

முதலாளி கடைக்குப் போனதும் றமீஸா திரையை விலக்கினாள். ஹபீலா சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்குத் தந்து முடிஞ்சே மகள்... இனி நான் என்னத்தச் சொல்லித் தாற?”

“அந்தப் பக்கம் முழுக்க மனசுக்குள்ள வாசிச்சேன் உம்மா. நீங்க சொன்ன மாதிரியே தெரியாண்டுதான் சொன்னேன். பொறகும் ஏன் வந்தவர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடல்ல?”