கொழுப்பு

வேணி இடுப்பு வலிக்கிறது என்று படுக்கும்போதெல்லாம், "வலி இல்லடி, கொழுப்பு" என்பான் அவள் கணவன் மருதப்பன். அவள் நடிப்பை அம்பலப்படுத்தத்தான் தோலில் ஒட்டினால் உடம்பை அளந்து பேசும் பட்டை ஒன்றை வாங்கிவந்தான். விருந்துக்கு வந்திருந்த தன் அக்காவின் முன்னாலேயே, காபித் தட்டோடு வந்தவளின் மணிக்கட்டில் ஒட்டினான்.

"கொழுப்பு மிக அதிகம்," என்றது பட்டை.

"பாத்தியாக்கா? மெஷினே சொல்லுது!" தொடையைத் தட்டிச் சிரித்தான்.

பட்டை இன்னும் முடிக்கவில்லை. "வலியைச் சொல்லி அனுப்ப உடம்பின் செல்கள் சுரக்கும் கொழுப்பு இது. இந்த அளவு ஏறினால் யாராலும் நிற்க முடியாது. உடனே படுக்க வையுங்கள்."

வேணி நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அக்கா தலைகுனிந்தாள். மருதப்பன் கூனிக்குறுகி எழுந்து, வேணியின் முகத்தைப் பார்க்காமல் தட்டுக்குக் கை நீட்டினான்.

"சுடுதுங்க," என்றாள் வேணி. "பாத்துப் புடிங்க."